பாட்டா என்ன வேலை பார்த்தார்?

இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்தேன். இதுக்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்பவர்கள் இப்போதே நழுவிக்கொள்ளலாம் :-) மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையா இருங்க. பெரிய கொசுவத்தி ஒண்ணு சுத்த வேண்டியிருக்கு. அதுவும் அடிலெய்டிலிருந்து ஆரம்பிக்கணும்.

அடிலெய்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் ஒரு கடமை உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் கடற்கரை, ஜெர்மன்காரங்க கிராமமான ஹான்டார்ஃப், கடைசியா பரோசா பள்ளத்தாக்கு என்று மூணு இடத்துக்கும் கூட்டிப்போக வேண்டும். பரோசா வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். வழியெங்கும் திராட்சைத் தோட்டம். ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் ஒரு சின்னக் கட்டடம் இருக்கும். உள்ளே போனால் ஐந்தாறு ஒயினை ஒரு வாய் அளவு ஊற்றித் தருவார்கள். குவளையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து, வாயில் கொப்பளித்து, வேண்டாமென்றால் பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பிவிடலாம். பதினெட்டு வருஷமா இங்கே இருந்தும் அந்த வாளியைப் பார்த்தால் எனக்கு இன்னும் கூச்சம்தான். காசு கொடுத்து வாங்கித் துப்புவதற்கு ஒரு பண்பாடு!

போன வருஷம் அப்படி ஒரு நாள். அலுவலக நண்பர்கள் இரண்டு பேர், நம்ம ஆட்கள் இரண்டு குடும்பம், பிள்ளைகள் என்று ஒரு கும்பலா ஒரு சின்னத் தோட்டத்துக்குப் போனோம். பெரிய கம்பெனி இல்லை, ஒரே குடும்பம் நடத்துவது. உரிமையாளரே ஊற்றிக் கொடுத்தார். அறுபது வயசிருக்கும், கையெல்லாம் காய்ப்பு. அவரோட முன்னோர் ஜெர்மனியின் சிலேசியாப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். 1842-இல் அந்த லூத்தரன் குடும்பங்கள் இங்கே குடியேறின. இதோ இந்தக் கொடி என் கொள்ளுத் தாத்தா வைத்தது, இதோ இந்தச் சால் என் தாத்தா திருத்தியது என்று காட்டிக்கொண்டே வந்தார். பரோசாக்காரர்கள் கொடிகளுக்கு வயசு பார்த்துப் பட்டம் கொடுப்பார்கள். 35 வயசு தாண்டினால் பழைய கொடி, 70 தாண்டினால் பிழைத்த கொடி, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதைக் கொடி. 2009-இல் இதற்கென்று ஒரு பட்டயமே எழுதி வைத்திருக்கிறார்கள். மூதாதை என்ற சொல்லைச் சொல்லும்போது அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே!

அப்புறம் சும்மா பேச்சுக்கு என்னைப் பார்த்துக் கேட்டார், "உன் தாத்தா என்ன செய்தார்?"

"விவசாயம். தென்னை, பனை எல்லாம் இருந்தது" என்றேன்.

தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாதவன் இல்லை நான். ஆனால் பிரச்சினை அங்கே இல்லை. திரும்பி வரும்போது காரில் பின்சீட்டிலிருந்து ஜூனியர் (பன்னிரண்டு வயசு) கேட்டான், "அப்பா, உன் தாத்தாவோட தோட்டம் இன்னும் இருக்கா? டிசம்பர்ல போறப்போ பார்க்கலாமா?"

தோட்டமாவது ஒண்ணாவது.

எங்க பாட்டா (எங்க பக்கம் தாத்தாவைப் பாட்டா என்றுதான் சொல்வோம்) ஒரு பனையேறி. அம்மாவோட அப்பா. கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு கிராமம். அவர் பெயரில் ஒரு பனைகூடக் கிடையாது. யாருடைய மரங்களையோ பாட்டத்துக்கு எடுத்து ஏறுவார். சீசன் வந்தால் விடியறதுக்கு முன்னாடி ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். காலில் தளைநார், இடுப்பில் பாளை சீவும் அரிவாள். மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறி ஏறி மார்பில் தோல் தடித்துக் கறுத்துப் போயிருக்கும். சின்ன வயசில் அந்தத் தடிப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். முதலையின் தோல் மாதிரி என்று நினைத்துக்கொள்வேன்.

கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி. மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பார்கள். அதைப் பாட்டி பெரிய பானையில் ஊற்றிக் காய்ச்சி, சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அது கள். மரம், பாளை, சாறு எல்லாம் ஒன்றுதான். ஒரு விரல் சுண்ணாம்பில் இருக்கிறது வித்தியாசம். பனஞ்சாற்றிலும் தென்னஞ்சாற்றிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சர்க்கரை இருக்கும். காற்றில் இருக்கும் ஈஸ்ட் இறங்கி அதைச் சாராயச் சத்தாக மாற்ற ஆரம்பித்துவிடும். சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. பரோசாக்காரர் திராட்சைத் தோலின் மேல் படிந்திருக்கும் ஈஸ்ட் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். பாட்டாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் அந்த வேலை தெரியும்.

இதைத்தான் நான் "விவசாயம்" என்று சொன்னேன்.

சரி, திருவனந்தபுரத்துக்கு வருவோம். அக்கா கல்யாணமாகிப் போனதிலிருந்து அங்கேதான். அப்பா போனபிறகு அம்மாவும் அவளோடு. அதனால் எங்களுக்கு ஊர் என்றால் இப்போதெல்லாம் திருவனந்தபுரம்தான். டிசம்பரில் போய் இறங்கினோம். கிறிஸ்துமஸ் நேரம். அக்கா வீட்டு அடுக்களை மூலையில் ஒரு பரணி, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தாள். கம்பத்துப் பன்னீர் திராட்சை, சர்க்கரை, கிராம்பு, கொஞ்சம் கோதுமை. கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இந்த ஒயின் இல்லாமல் கேக் வெட்ட மாட்டார்கள். அம்மா (எழுபத்தாறு வயசு) ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி சின்னக் குவளையில் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "இந்த வருஷம் கொஞ்சம் இனிப்பு கூடிப்போச்சு" என்று தீர்ப்பும் சொன்னார்.

இதில் ஒரு வேடிக்கை. 2019 டிசம்பரில் கேரள எக்சைஸ் துறை, வீட்டில் ஒயின் போடுவதும் குற்றம்தான் என்கிற மாதிரி எச்சரிக்கை விட்டு, மாநிலமே கலங்கிப்போனது. பாட்டிமார்கள் எல்லாம் குற்றவாளிகளா என்று ஒரே கேலி. அப்புறம் 2022-இல் பழங்களிலிருந்து சிறிய அளவில் ஒயின் தயாரிக்க உரிமம் வழங்கும் விதிகளை அரசே கொண்டுவந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் முந்திரிப்பழம், அன்னாசி, வாழை ஆகியவற்றிலிருந்து 'நிளா' என்ற பெயரில் ஒயின் செய்திருக்கிறது. முந்திரிக் கொட்டையை எடுத்துவிட்டுப் பழத்தை வீணாக்கும் ஊரில் இது நல்ல காரியம்தான். 

அந்தக் குவளையோடு அம்மா உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து அத்தான் மெதுவாகச் சொன்னார், "நாளைக்கு இவனை ஒரு ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வாரேன்." ஷாப்பு என்றால் அங்கே கள்ளுஷாப்பு. வேறு அர்த்தமே கிடையாது.

அம்மா குவளையைக் கீழே வைத்தார். "கள்ளுக்கடைக்கா? படிச்சு வெளிநாட்டுல இருக்கவனை அங்கயா கொண்டு போவாவ?"

"நீங்க இப்போ குடிக்கிறது என்ன அத்தை?" என்றார் அத்தான்.

"இது ஒயினு. கள்ளு இல்ல."

நானும் அக்காவும் சிரித்துவிட்டோம். அம்மா சிரிக்கவில்லை. ஏன் என்று அடுத்த நாள்தான் புரிந்தது.

கடை நகரத்துக்கு வெளியே, நெய்யாற்றின்கரை போகும் வழியில் இருந்து கிளை பிரியும் ஒரு ரோட்டில். கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து, மலையாளத்தில் 'கள்ளு' என்று மட்டும். பக்கத்தில் கடை எண். பெயர் கிடையாது, கொள்ளுத் தாத்தா படம் கிடையாது. முன்பக்கம் பெஞ்சில் வேலை முடிந்து வந்த ஆட்கள். பின்பக்கம் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். அதில் குடும்பத்தோடு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊரில் நினைத்துப் பார்க்க முடியாத காட்சி. மரச்சீனிக் கிழங்கும் மிளகாய் அரைத்த மீன் கறியும் வந்தது. மீன் கறியின் காரத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடலாம்.

கள் பாட்டிலில் வந்தது. பால் கழுவின தண்ணீர் மாதிரி நிறம். பரோசாப் பழக்கம் விடுமா? குவளையைச் சுழற்றி மூக்கை வைத்தேன். பக்கத்து பெஞ்சுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முதலில் இளநீர் வாடை, பின்னாடி புளித்த தோசை மாவு வாடை. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, உடனே புளிப்பு, நாக்கு நுனியில் சின்னதாக ஒரு குத்தல். காலையில் இறக்கியது இனிக்கும், மத்தியானம் தாண்டினால் புளிக்கும், மறுநாள் காடிதான். ஒயினுக்கு வருஷக் கணக்கில் வயசு என்றால் கள்ளுக்கு மணிக் கணக்கில் வயசு. இந்த ஒரு காரணத்தாலேயே அதை அழகான பாட்டிலில் அடைத்துக் கப்பல் ஏற்ற முடியாமல் போய்விட்டது. கப்பல் ஏறாத எதற்கும் கௌரவம் வருவதில்லை, மனுஷர்கள் உட்பட.

இது எந்த மரத்துக் கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். பெரும்பகுதி பாலக்காடு சித்தூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரி வண்டியில் வருவதாம். கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் அந்த ஒரு தாலுகாவிலிருந்துதான் கள் போகிறது. இங்கே தென்னைக்குக் குறைவில்லை, ஏற ஆள்தான் இல்லை. "லோக்கல் கள்ளு கொஞ்சம் உண்டு, ஆள் இப்போ வரும்" என்றார்.

வந்தார். ஸ்கூட்டரின் முன்னாடி கன்னாசை வைத்துக்கொண்டு. ஐம்பத்தெட்டு வயசு என்றார், கால்கள் இருபத்தெட்டு வயசுக் கால்கள். மலையாளத்தில் இவர்களைச் செத்துக்காரர் என்பார்கள். செத்துதல் என்றால் சீவுதல். நமக்குக் காதில் வேறு மாதிரி விழும். எங்க ஊர்த் தமிழைக் கேட்டதும் அவரும் பாதித் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். பாறசாலைப் பக்கத்துக்காரர், எல்லையில் பிறந்தவர். மறுநாள் காலையில் மரத்துக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "வாங்க, அதுல என்ன பார்க்க இருக்கு?" என்றார்.

மறுநாள் ஜூனியரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். தங்கமணிதான் சொன்னாள், "கூட்டிட்டுப் போங்க. கடைக்கு வேண்டாம், மரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஒரு வீட்டுத் தோப்பில் எட்டு மரம். ஒவ்வொரு மரத்திலும் ஒரு எண் எழுதியிருந்தது. கள் இறக்கும் மரத்துக்கு அரசாங்கக் கணக்கு உண்டு, வரி உண்டு. அவர் ஏறும் அழகை எழுத என்னால் முடியாது. மட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, விரியாத பாளையைக் கட்டி வைத்திருந்த இடத்தில் ஒரு எலும்புத் துண்டால் மெதுவாகத் தட்டினார். டொக் டொக் என்று கீழே வரைக்கும் கேட்டது. இப்படிப் பல நாள் தட்டித் தட்டித்தான் பாளை சுரக்க ஆரம்பிக்கும். பலமாகத் தட்டினால் பாளை கெட்டுவிடும், மெல்லத் தட்டினால் சுரக்காது. அப்புறம் நுனியில் ஒரு தாள் கனத்துக்குச் சீவினார். ஒரு நாள் ஏறாமல் விட்டால் சீவின வாய் காய்ந்துவிடும். அதனால் ஞாயிறும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது.

கீழே இறங்கி வந்தவரோடு கொஞ்சம் பேசினேன். கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர்களுக்கு 1969-லேயே நல நிதிச் சட்டம் வந்துவிட்டது. அதில் சேர்ந்திருக்கிறார், ஓய்வூதியம் வரும். மகள் அயர்லாந்தில் நர்ஸ், மகன் துபாயில். இரண்டு பேருக்கும் மரம் ஏறத் தெரியாது. "தெரிய வேண்டாம்" என்றார். பிறகு அவராகவே, "மகளைப் பார்க்க வந்தப்போ மாப்பிள்ளை வீட்டுல என்ன வேலைன்னு கேட்டாங்க. கிருஷின்னு சொல்லிட்டோம்" என்றார். கிருஷி என்றால் விவசாயம்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மரத்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் ஜூனியரிடம் சொன்னேன். பாட்டாவுக்குத் தோட்டம் இல்லை, அவர் இந்த வேலைதான் பார்த்தார், தென்னை இல்லை பனை, இதைவிட உயரம், இதைவிடச் சொரசொரப்பு என்று. பெரிய அதிர்ச்சியை எதிர்பார்த்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "இடுப்புல பாதுகாப்புப் பட்டை கட்டியிருந்தாரா?" ஆஸ்திரேலியப் பள்ளிக்கூடப் பிள்ளை, வேறு என்ன கேட்பான்! இல்லை என்றேன். "விழுந்தாரா?" ஒரு தடவை விழுந்தார், கால் ஒடிந்து ஒரு சீசன் முழுக்கப் படுத்திருந்தார், அந்த வருஷம் வீட்டில் மரச்சீனிதான் சாப்பாடு என்று அம்மா சொல்லியிருக்கிறார் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். பிறகு, "அப்போ ஏன் அந்த ஆள்கிட்ட விவசாயம்னு சொன்னே?" என்றான்.

பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். போகவும் அவன் நேரே அம்மாவிடம் போய், "பாட்டி, உங்க அப்பா மரம் ஏறினாராமே!" என்று கேட்டுவிட்டான்.

அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "மக்ளே, பிள்ளைட்ட இதெல்லாம் எதுக்குலே சொல்லுத?"

நான் என் பரோசாப் பிரசங்கத்தை எடுத்துவிட்டேன். அங்கே தாத்தா பெயரைப் பாட்டிலில் ஒட்டுகிறான், நாம் ஒளிக்கிறோம், இது என்ன நியாயம் என்று. அம்மா முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"உங்க பாட்டா ஏறினது எனக்கு வெக்கம் இல்ல. ஏறிட்டு வந்து குடிச்சது இருக்கே, அதுதான். கள் வித்த காசு வீட்டுக்கு வந்தா கருப்பட்டிக் காசு மாதிரி வராது. பாதி வழியிலேயே தீந்து போவும். எங்க அம்மை எத்தனை நாள் எங்க மூணு பேரையும் கூட்டிட்டு அடுத்த வீட்டுத் திண்ணையில படுத்திருக்கா தெரியுமா? அந்த வெள்ளக்காரன் பாட்டில்ல அவன் தாத்தா படத்தை ஒட்டுவான். அவன் பாட்டி அடி வாங்கினதை எதுல ஒட்டுவான்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை. பரோசாவிலும் அந்தத் திண்ணைகள் இருந்திருக்கும். நாம் ருசி பார்க்கப் போகும் அறையில் அந்தக் கதையைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததை எல்லாம் இங்கே கொட்டுகிறேன். ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அக்கா வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் செம்பழந்தி. 1856-இல் ஸ்ரீநாராயண குரு பிறந்த ஊர். கள் இறக்குவது பரம்பரைத் தொழிலாக இருந்த ஈழவ சமூகத்தில் பிறந்து, அந்தச் சமூகத்தைப் பார்த்தே, மது விஷம், அதை உண்டாக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம் என்று சொன்னவர் அவர். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி சொல்லாமல் அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் கட்டு, தொழில் தொடங்கு என்றும் சேர்த்துச் சொன்னார். எங்கள் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடங்கள் அந்த வேலையைச் செய்தன. பாட்டா தன் மகனை மரத்தின் பக்கமே விடவில்லை. மாமா படித்தார், அம்மா படித்தார், நான் இங்கே உட்கார்ந்து தட்டச்சுகிறேன். மரத்தை விட்டு இறங்கியது தப்பே இல்லை. அது பாட்டாவே எடுத்த முடிவு.

ஆனால் இறங்குவது வேறு, ஒளிப்பது வேறு. அந்தக் கூச்சம் குடியிலிருந்து மட்டும் வரவில்லை. இதே திருவனந்தபுரத்து அரண்மனை ஆட்சியில் மரத்துக்கு வரி, தலைக்கு வரி, அதற்கு மேல் பனையேறி வீட்டுப் பெண் தோளில் சீலை போடக்கூடாது என்று வழக்கம். பல வருஷக் கலகத்துக்குப் பிறகு 1859-இல்தான் மேலாடைக்கு அனுமதி தரும் அரச ஆணை வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. திராட்சை பயிரிட்டவனைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் "விவசாயம்" என்று சொன்னபோது மறைத்தது கள்ளை அல்ல, இதைத்தான்.

அடுத்தது சட்டம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சிக்குள் இருந்தவை. இன்று களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் மரம் ஏறுபவருக்கு எண், நல நிதி, ஓய்வூதியம். கள்ளுத் தொழிலுக்கென்று வளர்ச்சி வாரியம் அமைக்கவே கேரளம் 2021-இல் ஒரு சட்டம் போட்டது. இந்தப் பக்கம் அதே பாளையைச் சுண்ணாம்பில்லாமல் சீவினால் வழக்கு. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆனால் 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக் கடையில் அரசே பாட்டில் விற்கிறது. பனைதான் நமக்கு மாநில மரம்! 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டத்தில் பனையேறிக் கள் இறக்கிப் போராடியதும், அதை ஆதரித்தும் எதிர்த்தும் எழுந்த சண்டையும் உங்களுக்குத் தெரிந்ததே. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "எங்கட தவறணையைக் கூட்டுறவுச் சங்கம் நடத்தேக்க உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார்.

கள்ளைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2010-இல் மலப்புரத்தில் விஷம் கலந்த கள் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மயக்க மருந்து கலப்பதும் நடக்கிறது. மரம் ஏற ஆள் இல்லாமல் கடைகளில் மட்டும் கள் குறையாமல் இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் தடை இருந்த தமிழ்நாட்டில் மட்டும் என்ன ஆச்சு? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை மெத்தனால் கொன்றது. குடிப்பவனைச் சட்டம் தடுக்கவில்லை. பனையேறியை மட்டும் குற்றவாளி ஆக்கியது. அரசாங்கம் எல்லாவற்றையும் மூடினால் அம்மா முதல் ஆளாகக் கும்பிடுவார், நானும் கூடவே நிற்பேன். மரத்தை மட்டும் மூடிவிட்டு ஆலையைத் திறந்து வைப்பதுதான் புரியவில்லை.

கடைசியாகப் பரோசா சொல்லித்தரும் ஒரு பாடம். இன்று மூதாதை என்று கும்பிடும் அதே கொடிகளை 1980-களில் அந்த ஊர் அரசாங்கம் காசு கொடுத்துப் பிடுங்கச் சொன்னது. ஒயின் தேங்கிப்போன காலம். நூறு வயசுக் கொடிகள் பல அப்போது போயின. பிடிவாதமாகச் சிலர் பிடுங்காமல் விட்டதுதான் இன்றைக்குப் பெருமை. நம்ம ஊரில் பனைகள் செங்கல் சூளைக்குப் போயின. 2021-இல்தான் ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. மரம் ஒருவேளை தப்பிக்கும். ஆனால் பாளையை எவ்வளவு பலமாகத் தட்டவேண்டும் என்று தெரிந்த கை? அது புத்தகத்தில் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம்மைப் போன்றவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். வாரக்கடைசியில் பிள்ளைகளோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போங்க, தப்பில்லை. எவனோ ஒருத்தனின் கொள்ளுத் தாத்தா கதையைப் பொறுமையாகக் கேட்கிறோம் இல்லையா, அதே பிள்ளைகளுக்கு அவர்களுடைய கொள்ளுத் தாத்தா கதையையும் சொல்லுங்க. பனையேறியோ, சலவைத் தொழிலாளியோ, செருப்புத் தைத்தவரோ, வயல் கூலியோ. "விவசாயம்" என்று பூசி மெழுகாமல், உள்ளதைச் சொல்லுங்க. பெருமையை மட்டும் சொன்னால் போதாது, எங்க பாட்டி படுத்திருந்த அந்தத் திண்ணையையும் சேர்த்துச் சொல்லணும். அதையும் சொல்லவில்லை என்றால் நாமும் பாட்டிலில் படம் ஒட்டுகிறவர்கள்தான்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி அம்மா ஜூனியரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அக்கானி எப்படிக் காய்ச்சுவார்கள், எந்தப் பதத்தில் சிரட்டையில் ஊற்றுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொதித்துப் பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை இடித்துப் போட்டால் அடங்குமாம். இது எனக்கே தெரியாது. நாற்பத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

பெட்டியில் இரண்டு கிலோ கருப்பட்டி வைத்தார். அடிலெய்டு விமான நிலையத்தில் உணவுப் பொருள் அட்டையில் மறக்காமல் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"பனை வெல்லம். என் தாத்தா பனை ஏறுபவர்" என்றேன். அவருக்கு அந்த இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. "சரி, போங்க" என்றார்.

ஜூனியர் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

டிஸ்கி: கேரளத்தில் 23 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக்கூடாது. இந்தப் பதிவைக் காட்டி யாரும் வீட்டில் அனுமதி கேட்க வேண்டாம். முக்கியமா எங்க அம்மாகிட்ட.